சென்னை வெயிலில் ஜெர்மானியம் ஃபஸ் பெடல் தாங்குமா?

ஏப்ரல் 21, மாலை 6.15 (வாசகர் ஒருவர் எழுதியது)

சென்னையில் ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் வைத்து ஃபஸ் பெடல் (கிதார் சத்தத்தை உறும வைக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) கட்டுவது வீண் வேலை. வெயில் ஏறினால் படுத்துவிடும். சிலிக்கானில் கட்டிவிட்டு வாசிக்கிற வேலையைப் பாருங்கள். மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், ஜெர்மானியம் ஃபஸ்ஸை ஒரு மணி நேரம் ஒழுங்காக வாசித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 21, இரவு 10.40

இரண்டு வாரமாக அதைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

சர்க்யூட் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெடலுடையது. லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் 1966-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்த அதே வட்டப் பெட்டி. உள்ளே இரண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு கண்ட்ரோல். அவ்வளவுதான். ட்ரான்சிஸ்டருக்கு மூன்று கால்: பேஸ், கலெக்டர், எமிட்டர். முதல் ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் 33 கிலோ ஓம், இரண்டாவதின் கலெக்டரில் 8.2 கிலோ ஓமும் 470 ஓமும், இரண்டாவதின் எமிட்டரிலிருந்து முதலாவதின் பேஸுக்குத் திரும்பி வரும் 100 கிலோ ஓம். உள்ளே நுழைய 2.2 மைக்ரோ ஃபாரட், வெளியே போக 0.01, ஃபஸ் கண்ட்ரோலில் 22. இதில் மறைக்க எதுவும் இல்லை, அதனாலேயே பிடிக்கிறது. ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று காதால் கேட்க முடிகிற சர்க்யூட் இது.

என்னிடம் இருப்பது பழைய ரேடியோ போர்டு ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு ஏசி128. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் செய்துகொண்டிருந்த காலத்துச் சரக்கு. 8.2-க்குப் பதிலாக ஒரு பிரிசெட் (திருகி மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) போட்டிருக்கிறேன், இரண்டாவது கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்படி திருகிக்கொள்ளலாம். ஏசி128 பிஎன்பி வகை. எனவே பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட். அளவெல்லாம் மைனஸில் வரும். நான் மைனஸை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 23, இரவு 11.55

சத்தமே இல்லை. பைபாஸில் (பெடல் அணைந்திருக்கும்போது) கிதார் கேட்கிறது, மிதித்தால் மௌனம்.

ஏப்ரல் 24, காலை 7.10

கண்டுபிடித்தேன். இதே இடத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்காக விவரமாக.

ஒரு பழைய கிதார் கேபிளை வெட்டி, நடுக் கம்பியின் முனையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். கேபிளின் மறுமுனை ஆம்ப்ளிஃபயரில். ஷீல்டு, அதாவது கேபிளின் வெளிப் பின்னல், பெடலின் கிரவுண்டில். சின்ன பேட்டரி ரேடியோவை ஓடவிட்டு அதன் இயர்ஃபோன் வெளியீட்டை பெடலின் உள்ளே அனுப்பிவிட்டு, கெபாசிட்டரின் காலால் சர்க்யூட்டை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான். இன்புட் ஜாக்கில் பாட்டு. 2.2-ன் இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கமும் பாட்டு. முதல் கலெக்டரில் ஒன்றுமில்லை. மீட்டர் வைத்தால் 0.00 வோல்ட். அப்படியென்றால் கலெக்டர் நேராகக் கிரவுண்டில் போய் உட்கார்ந்திருக்கிறது.

வெரோ போர்டை (அடியில் செம்புப் பட்டைகள் ஓடும் போர்டு, அந்தப் பட்டைதான் ட்ராக்) திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். ட்ராக்கை வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் ஒரே ஒரு செம்பு இழை, தலைமுடியை விட மெல்லியது, குறுக்கே படுத்திருந்தது. பிளேடு முனையால் ஒரு கீறல். அடுத்த நொடி ஆம்ப்ளிஃபயரில் அந்த உறுமல். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுந்துவிட்டார்கள்.

ட்ராக் வெட்டியதும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், அல்லது மீட்டரின் பீப் சத்தத்தில் ஒவ்வொரு வெட்டையும் சோதித்துவிடுங்கள். இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

ஏப்ரல் 24, இரவு 9.30

4.5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டேன். பிரிசெட் 16 கிலோ ஓம் பக்கத்தில் போய் நிற்கிறது. 8.2 இருக்க வேண்டிய இடத்தில் 16 என்பது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் சத்தம் அருமை. கிதாரின் வால்யூமை பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தால் அந்தக் கொந்தளிப்பெல்லாம் அடங்கி கண்ணாடி மாதிரி ஒரு தெளிவு வருகிறது. இதற்காகத்தான் ஜெர்மானியம்.

ஏப்ரல் 27, மாலை 4.00

மதியம் 2 மணிக்கு எடுத்தேன். இருமுகிறது. ஒரு நோட்டைத் தட்டினால் முதலில் ஒரு 'டப்', பிறகு பாதியிலேயே குரல் அறுந்துபோகிறது. மெதுவாகத் தட்டினால் சத்தமே வருவதில்லை.

டிரை சால்டர் (சரியாக ஒட்டாத பற்றவைப்பு) என்று நினைத்து எல்லா இணைப்பையும் மறுபடி சூடுபண்ணினேன். இன்னும் மோசமானது. வெறுத்துப்போய் எழுந்து போய்விட்டேன். அரை மணி கழித்து வந்தால் பழையபடி, அதாவது கொஞ்சமாக இருமுகிறது. ஏதோ ஒரு இணைப்பு தளர்வாக இருக்கிறது.

ஏப்ரல் 28, காலை 6.20

இப்போது நன்றாகப் பாடுகிறது. நான் தொடவே இல்லை. பேட்டரி 9.2 வோல்ட், அதில் குற்றமில்லை.

ஏப்ரல் 30, மாலை 5.45

கோவை நண்பர் ஒருவர் சொன்னது: "சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். ஒரே நாளில் மூன்று வேளை, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, இரண்டாவது கலெக்டரை மட்டும் அளந்து எழுதுங்கள்." எழுதினேன்.

காலை 6 மணி, அறையில் 28 டிகிரி: 4.5 வோல்ட்.
காலை 11 மணி, 33 டிகிரி: 5.9 வோல்ட்.
மதியம் 2.30, 37 டிகிரி: 7.4 வோல்ட்.

என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. காங்கிரீட் காலையிலிருந்து வாங்கி வைத்ததை மாலை முழுக்க இறக்கும். 7.4 என்றால் இரண்டாவது ட்ரான்சிஸ்டர் கிட்டத்தட்ட மூடிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பலமான சிக்னல் வந்தால்தான் கதவு திறக்கிறது. அதுதான் அந்த இருமல்.

27-ம் தேதி எழுதிய டிரை சால்டர் கதையை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இணைப்பைச் சரிசெய்யவில்லை, ட்ரான்சிஸ்டரைச் சூடுதான் பண்ணியிருக்கிறேன். அரை மணியில் ஆறியதும் பழைய நிலைக்கு வந்திருக்கிறது.

முதலில் கேள்வி எழுப்பிய நண்பருக்கு: வெயில்தான் காரணம் என்பதில் நீங்கள் சரி.

மே 1, காலை 8.00

ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தது. ஜெர்மானியத்தில் எலக்ட்ரான் தளை அறுத்துக்கொண்டு ஓடத் தேவைப்படும் ஆற்றல் 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான், சிலிக்கானில் 1.1. அதனால் பேஸில் எதுவுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டரிலிருந்து கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவு சுமார் 8 முதல் 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 20 டிகிரியில் இருக்கும் லண்டன் அறைக்கும் 38-ல் இருக்கும் என் அறைக்கும் நடுவே கசிவு மூன்றரை முதல் நாலே முக்கால் மடங்கு. 1966-ல் இந்த சர்க்யூட்டைப் போட்டவர்கள் இப்படி ஒரு அறையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வோல்ட்டேஜ் இரண்டாவது கலெக்டரில்தான் நகர்கிறது. எனவே கசிவது இரண்டாவது ட்ரான்சிஸ்டர். அதை மாற்ற வேண்டும்.

மே 3, மதியம் 3.10

தவறாக எழுதிவிட்டேன். மேலே உள்ளதை நம்பி யாரும் இரண்டாவதைக் கழற்றாதீர்கள்.

இன்று 37 டிகிரி, மீட்டரில் 7.4. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு, துடைத்துவிட்டு இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் தலையில் வைத்தேன். 7.4, 7.4, 7.3. ஒரு நிமிடம் வைத்தும் அதற்கு மேல் இறங்கவில்லை.

அதே கட்டியை முதலாவதின் தலையில் வைத்தேன். 7.1. 6.6. 5.8. 5.0. கண் முன்னால் இறங்குகிறது. 4-க்கும் கீழே போனது. ஐஸை எடுத்துவிட்டு இரண்டு விரலால் பிடித்தேன், மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு, ஒரு கையில் தந்தியைத் தட்டிக்கொண்டே மறு கையால் ஐஸ் வைத்துப் பாருங்கள். இருமல் தெளிந்து குரல் திறந்து வருவதைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

காரணம் அந்த 100 கிலோ ஓம். முதல் ட்ரான்சிஸ்டருக்கு பேஸில் மூன்று மைக்ரோ ஆம்பியர் போல வேண்டும். அதை இரண்டாவதின் எமிட்டர் 100 கிலோ ஓம் வழியாக அனுப்புகிறது. முதலாவது தன் கசிவாலேயே அதில் பாதியை நிரப்பிக்கொண்டால், எமிட்டர் குறைவாக அனுப்பினால் போதும் என்று ஆகிவிடுகிறது. எமிட்டர் வோல்ட்டேஜ் இறங்கும், இரண்டாவதில் கரண்ட் குறையும், அதன் கலெக்டர் 9-ஐ நோக்கி ஏறும். நோய் முதலாவதில், அறிகுறி இரண்டாவதில். 16 கிலோ ஓம் ஏன் தேவைப்பட்டது என்பதும் இப்போது புரிகிறது. 28 டிகிரியிலேயே முதலாவது பாதி கசிந்துகொண்டிருந்திருக்கிறது, நான் பிரிசெட்டைத் திருகி அதை மூடி மறைத்திருக்கிறேன்.

மே 5, இரவு 10.15

கத்திரி நேற்று தொடங்கிவிட்டது. சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

மல்டிமீட்டரில் ட்ரான்சிஸ்டர் செருகும் ஓட்டை காட்டும் கெயினை (கரண்டை எத்தனை மடங்காக்குகிறது என்பதை) ஜெர்மானியத்துக்கு நம்பவே கூடாது. கசிவையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லிவிடும். பெடல் சர்க்யூட்டுகளைப் பற்றி எழுதும் ஆர்.ஜி. கீன் எழுதிவைத்த முறை ஒன்று இருக்கிறது, பல வருடங்களாக ஃபஸ் கட்டுபவர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எமிட்டருக்கு 9 வோல்ட்டின் பிளஸ். கலெக்டருக்கும் மைனஸுக்கும் நடுவே 2.47 கிலோ ஓம், 2.2 கிலோவும் 270 ஓமும் தொடராகப் போட்டால் கிடைத்துவிடும். பேஸைச் சும்மா விட்டுவிட்டு அந்த ரெசிஸ்டர் மேல் வோல்ட்டேஜ் பாருங்கள், அது கசிவு. பிறகு பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவதில் முதலாவதைக் கழித்து நூறால் பெருக்கினால் உண்மையான கெயின்.

என் முதல் ட்ரான்சிஸ்டர்: சும்மா இருக்கும்போது 0.37 வோல்ட், பேஸ் கொடுத்தால் 1.23. கழித்தால் 0.86, அதாவது கெயின் 86. மல்டிமீட்டர் இதை 120-க்கு மேல் காட்டியது. 0.37 வோல்ட் என்றால் 150 மைக்ரோ ஆம்பியர் கசிவு. இதை வைத்துக்கொண்டு கத்திரியைத் தாண்ட முடியாது.

அளக்கும்போது ட்ரான்சிஸ்டரை விரலால் பிடித்துச் செருகினால் ஐந்து நிமிடம் காத்திருங்கள். விரல் சூடே எண்ணை ஏற்றிவிடும். ஃபேன் காற்றும் கூடாது.

மே 6, காலை 9.00

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நாலு ஏசி128 வாங்கியிருந்தேன், நேற்று வந்தது. கசிவு சுத்தமாக 0.00. சந்தோஷப்பட்டிருப்பேன், அதற்குள் டையோடு சோதனையில் வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.64 காட்டுகிறது. ஜெர்மானியம் என்றால் 0.2 பக்கத்தில் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது சிலிக்கான், மேலே பெயர் மட்டும் புதிதாக அச்சடித்தது. ஒன்றுக்கு 180 ரூபாய் கொடுத்தேன், கோபமாக வருகிறது. கையில் கிடைத்ததும் முதல் வேலையாக டையோடு சோதனை செய்யுங்கள்.

மே 8, இரவு 9.50

ரிச்சி தெருவில் காலையிலிருந்து அலைந்தேன். பிசி547 என்ற சிலிக்கான் ட்ரான்சிஸ்டரைக் கேட்டால் கை நிறைய அள்ளிக் கொடுக்கிறார்கள், ஏசி128 என்றால் தலையை ஆட்டுகிறார்கள். ஒரு கடைக்காரர்தான் "திருவல்லிக்கேணில பழைய ரேடியோ மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், அவர்ட்ட கேளுங்க" என்று வழி சொன்னார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. எழுபதைத் தாண்டிய பாய். மேசை மேல் வால்வு செட் ஒன்று திறந்து கிடந்தது.

"ஏசி ஒன் டுவென்டி எய்ட்டா? அதுக்கு இப்ப வேலையே இல்லையே தம்பி, எந்த செட்டுக்கு?"

"செட்டுக்கு இல்லை பாய். கிதாருக்கு."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பழுப்பேறிய பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள். முள் வைத்த பழைய மீட்டர் ஒன்றை இழுத்துக்கொண்டார். ஓம் ரேஞ்சில் வைத்து, எமிட்டரிலும் கலெக்டரிலும் கம்பியைக் கொடுத்தார். முள் கொஞ்சம் எழும்பி நின்றது. அப்புறம் ட்ரான்சிஸ்டரின் உடம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் முள் மளமளவென்று ஏறியது. "இது ஓடுது," என்று ஓரமாக வைத்தார். அடுத்ததில் முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. "இது நிக்குது." அதை என் பக்கம் தள்ளினார்.

நான் ஐஸ் கட்டியும் தெர்மாமீட்டரும் வைத்து நாலு நாள் கழித்துக் கண்டுபிடித்ததை அவர் விரலாலேயே பார்க்கிறார். ஸ்பீக்கர் ஓட்டும் ஏசி128 வெயிலில் தானாகச் சூடாகி, சூடானதால் இன்னும் கரண்ட் இழுத்து, கடைசியில் எரிந்தே போகுமாம். அதனால் அந்தக் காலத்தில் பொருத்துவதற்கு முன்னால் எல்லோரும் இப்படிப் பிடித்துப் பார்ப்போம் என்றார். பதினொன்று பார்த்தார், நாலு நின்றது. ஒன்று முப்பது ரூபாய்.

மே 9, இரவு 11.20

பாய் கொடுத்த நாலும் சோதனையில்: கசிவு 0.10, 0.12, 0.15, 0.31. கெயின் வரிசையாக 72, 80, 94, 118. விரல் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒத்துப்போகிறது. 0.31 கொஞ்சம் அதிகம், ஆனால் அதன் கெயினை விட்டுவிட மனமில்லை. இரண்டாவது இடத்தில் கசிவு அவ்வளவாகப் பாதிக்காது என்று ஐஸ் கட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டது. எனவே 72 முதலாவது, 118 இரண்டாவது. முதலாவது 70-80, இரண்டாவது 110-130 என்பதுதான் இந்த சர்க்யூட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் ஜோடி.

இந்த முறை நேரடியாகப் பற்றவைக்கவில்லை. ஐசி சாக்கெட்டை மூன்று மூன்று காலாக நறுக்கிப் போட்டு அதில் செருகியிருக்கிறேன். பிரிசெட் இப்போது 8.2 பக்கத்தில் நிற்கிறது. அசல் சர்க்யூட்டில் போட்டிருக்கும் அதே எண்.

மே 10, மாலை 6.00

காலை 6, 28 டிகிரி: 4.5.
மதியம் 12, 34 டிகிரி: 4.9.
மதியம் 3, 38 டிகிரி: 5.2.

5.2-ல் வாசித்தேன், ஒரு மணி பத்து நிமிடம். இருமல் இல்லை. காலையை விட விளிம்பு கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். மதியச் சத்தம் என்று ஒன்று இருக்கட்டும். முதல் கேள்வி எழுதிய நண்பரே, மே மாதம், ஏசி இல்லை, ஒரு மணி நேரம். நீங்கள் கேட்ட மூன்றும் ஆயிற்று.

மே 11, இரவு 10.30

வேறு கதை. பெடலை மிதித்துவிட்டு கிதார் வால்யூமைப் பூஜ்யமாக்கினால் பின்னணியில் மெல்லியதாக ஆகாசவாணி கேட்கிறது. நேற்று ராத்திரி யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அணைக்க மனமே வரவில்லை.

காரணம் எளிது. கேபிள் ஆன்டெனா, முதல் ட்ரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தி டையோடு. பழைய கிரிஸ்டல் ரேடியோவின் வேலையைத்தான் பெடல் செய்கிறது. ஏசி128 எந்த ரேடியோவில் பிறந்ததோ அந்த வேலையை மறக்கவில்லை. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 100 பிக்கோ ஃபாரட் போட்டதும் குறைந்தது. அலுமினியப் பெட்டியில் வைத்து மூடி, பெட்டியையும் கிரவுண்டோடு இணைத்தபின் முழுக்கப் போய்விட்டது. அதுவரை பிளாஸ்டிக் டிபன் டப்பாவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மே 12, காலை 7.45

மதுரை நண்பர் கேட்டது: "மற்ற பெடல்கள் ஓடும் அதே 9 வோல்ட் அடாப்டரில் கம்பியை மாற்றிக் கொடுத்தால் போதாதா?" போதும் என்று அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். கூடாது. அழுத்திச் சொல்கிறேன்.

மற்ற பெடல்களில் மைனஸ்தான் கிரவுண்ட். இதில் பிளஸ். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால், கிதார் கேபிளின் ஷீல்டு வழியாக பிளஸும் மைனஸும் நேராக ஒட்டிக்கொள்ளும். அடாப்டர் ஷார்ட். தனி அடாப்டர் அல்லது தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடு இருந்தால் சரி. நான் பேட்டரியே வைத்திருக்கிறேன். மொத்தம் ஒரு மில்லி ஆம்பியர் கூட இழுக்காது, ஒரு பேட்டரி மாதக்கணக்கில் வரும். ஜாக்கைப் பிடுங்கி வைக்க மட்டும் மறக்காதீர்கள்.

கால் சுவிட்ச் பற்றியும் கேட்டிருந்தார். ஒன்பது கால் சுவிட்சில் ஒரு காலில் அயர்னை மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடும், பிறகு மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் மாறும். எனக்கு ஒன்று அப்படிப் போனது. ஒரு காலைப் பற்றவைத்ததும் எதிர் மூலைக்குப் போங்கள், பக்கத்துக் கால் ஆறட்டும்.

மே 15, இரவு 11.00

சிலிக்கானையும் நியாயமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அதே மதிப்புகளில் இரண்டு பிசி547 வைத்து ஒன்று கட்டினேன். அது என்பிஎன், எனவே மைனஸ் கிரவுண்ட், கெபாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டும்.

மதியம் 3 மணி, 39 டிகிரி. அசையவில்லை. வோல்ட்டேஜ் காலையில் இருந்த இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்கிறது. மேடையில் வெயிலில் நின்று வாசிப்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். இந்த அளவில் முதல் நண்பர் சொன்னதை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கிதார் வால்யூமை ஆறுக்கு இறக்கியபோது அந்தக் கண்ணாடித் தெளிவு வரவில்லை. கொஞ்சம் மெலிந்த, ஓரத்தில் கரகரப்பு ஒட்டிய சத்தம்தான் வருகிறது. கெயின் முன்னூறுக்கு மேல் இருப்பதால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் அதிகம். ஃபஸ்ஸை முழுக்கத் திறந்தே வாசிப்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வால்யூமை விரலாலேயே ஏற்றி இறக்கி வாசிப்பவருக்கு அது எல்லாமே.

மே 19, காலை 6.50

மேலே சொன்ன தெளிவு வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், இருவருமே ஜெர்மானியம்தான். ஃபஸ்ஸுக்கு முன்னால் ட்யூனர் வைத்திருக்கிறீர்களா? பைபாஸிலும் பஃபர் (கிதாரைப் பின்னால் வரும் சர்க்யூட்டிலிருந்து பிரித்துவைக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர்) ஓடும் பெடல் எதுவாக இருந்தாலும் அதைப் பின்னால் தள்ளுங்கள். இந்த சர்க்யூட் கிதாரின் பிக்கப்பை நேரடியாகப் பற்றிக்கொண்டால்தான் வேலை செய்யும். நடுவில் பஃபர் வந்தால் வால்யூமை இறக்கினாலும் அதற்குத் தெரியாது. ஃபஸ் முதலில், மற்றதெல்லாம் பிறகு.

மே 19, இரவு 9.15

ஒருவர் பஃபரைக் கழற்றிவிட்டு "வந்துவிட்டது, வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார். காலையிலிருந்து இதை நாலு முறை படித்துவிட்டேன்.

மே 20, இரவு 10.00

சத்தம் குறைவாக இருக்கிறது, பைபாஸை விட மேலே ஏறவில்லை என்பவர்களுக்கு: 470 ஓமை 1 கிலோ ஓமாக்குங்கள். வெளியீடு 8.2-க்கும் 470-க்கும் நடுவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, கலெக்டரில் ஆடுவதில் இருபதில் ஒரு பங்குதான் வெளியே போகிறது. நான் மாற்றவில்லை, எனக்கு இதுவே போதும்.

மே 26, இரவு 10.40

இன்று பெடலையும் சின்ன பேட்டரி ஆம்ப்ளிஃபயரையும் கிதாரையும் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணி போனேன். மதியம் இரண்டரை. அந்த மாடிப்படி அறையில் ஃபேன் வெந்நீர்க் காற்றை வீசிக்கொண்டிருந்தது.

வாசித்துக் காட்டினேன். பாய் முகத்தைச் சுளித்தார். "செட்டு கிழியற மாதிரி இருக்கே. இதுக்கா அலைஞ்சே?" என்றார். வால்யூமை ஆறுக்கு இறக்கி மெதுவாக ஒரு தந்தியைத் தட்டினேன். "இது நல்லா இருக்கு." மறுபடி ஏற்றினேன், இறக்கினேன். அவர் கையை நீட்டினார்.

மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் இன்புட் என்று கேட்கவில்லை. 33 கிலோ ஓமைப் பார்த்தார், அங்கிருந்து கம்பியைத் தொடர்ந்து வந்து முதல் ட்ரான்சிஸ்டரைக் கண்டுபிடித்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். "வாசி" என்றார். வாசித்தேன். அரை நிமிடம், ஒரு நிமிடம். சத்தத்தின் ஓரம் லேசாகக் கூர்மையானது. அறுந்துபோகவில்லை.

"நிக்குது," என்று விரலை எடுத்தார்.

ஜூன் 2, காலை 7.00

ஒரு திருத்தம். மே 9-ல் பிரிசெட் 8.2 பக்கத்தில் என்று எழுதியிருந்தேன். சர்க்யூட்டில் இருக்கும்போதே அளந்த கணக்கு அது. ஒரு காலைக் கழற்றிவிட்டு அளந்தால் 9.4 கிலோ ஓம். 8.2 நிலையான ரெசிஸ்டர் வாங்கிப் போட்டவர்கள் அதோடு தொடராக 1.2 கிலோ ஓம் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது பிரிசெட்டையே விட்டுவிடுங்கள், டிசம்பரில் மறுபடி திருக வேண்டியிருக்கும்.